போயிட்டு வாங்க

பேகம்பூர்ப் பக்கம் அந்தப் பழைய தோல் கிடங்குக்குள் கால் வைத்ததும் ஒரு பிள்ளையின் குரல் வரவேற்கும். "வாங்க! வாங்க!" என்று இரண்டு முறை, நடுவில் சின்னதாய் ஒரு இடைவெளி விட்டு. புதிதாக வருகிறவர்கள் குனிந்து பிள்ளையைத் தேடுவார்கள். பிள்ளை இருக்காது. வாசல் நிலையில் ஆணியடித்த ஒரு பிளாஸ்டிக் டப்பாதான் இருக்கும். தேடுகிறவர் முழிப்பதைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

தோல் வியாபாரம் வேறு இடத்துக்குப் போன பிறகு பத்து வருஷம் பூட்டிக் கிடந்த கிடங்கு அது. ஃபயாஸும் ரொனால்டும் சேர்ந்து ஒட்டடை அடித்து, நாலு மேசை போட்டு, அதற்குக் 'கைவேலைக் கூடம்' என்று பெயர் வைத்தார்கள். ஃபயாஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்வெர்ட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். ரொனால்டு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். நாற்பது வயதாகியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், ஒயர் பற்றவைக்கிற கம்பியைக் காட்டி, "சால்டரிங் அயர்னுக்குத் தாலி கட்டிட்டேன் மாப்ள, அது சண்டை போடாது, சூடு மட்டும்தான் வைக்கும்" என்பான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கூடம் களைகட்டும். காந்திகிராமத்தில் லேப் வேலை பார்க்கும் சகாயசெல்வி, நிலக்கோட்டையில் தன் அண்ணனின் மல்லிகைத் தோட்டத்து மண்ணில் ஈரம் பார்க்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தாள். முகேஷ்குமார் தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டுக் கோழிக்குஞ்சு பொரிக்கப் பார்த்தான். இரண்டு மாதமாய் ஒரு முட்டையும் பொரியவில்லை. அதற்கு 'ஆம்லெட் மிஷின்' என்று ரொனால்டு பெயர் வைத்தான். டீ வரும், வெங்காய வடை வரும், அப்புறம் எட்டு மணி வரைக்கும் கேலிதான்.

டப்பாவில் இருந்த குரல் ஃபயாஸின் மகள் கமர்ஜஹானுடையது. ஆறு வயது. தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தாலும் சரி, வீடு தெரியாமல் கொரியர்க்காரர் ஏறி வந்தாலும் சரி, மாடிப்படியின் தலைப்பில் நின்று வாய் நிறையக் கூப்பிடும் பிள்ளை. "இந்த வாய்க்கே ஒரு மிஷின் செய்யணும் மாப்ள" என்று ஆரம்பித்தது ரொனால்டுதான். ஒரு சனிக்கிழமை அவளை மடியில் உட்கார வைத்து, வடையைக் காட்டிக் காட்டி, இரண்டே இரண்டைப் பதிவு செய்தான். உள்ளே வருகிறவர்களுக்கு "வாங்க! வாங்க!" வெளியே போகிறவர்களுக்கு "போயிட்டு வாங்க!"

நிலையில் ஃபயாஸ் இரண்டு சென்சார் பொருத்தினான். ஒன்று வெளிப்பக்கம், ஒன்று ஒரு சாண் உள்ளே. வெளியே இருப்பதை முதலில் மறைத்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பதை முதலில் மறைத்தால் ஆள் போகிறது என்று அர்த்தம். மறைப்பது யார், எப்பேர்ப்பட்ட ஆள் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அது பாவம், டப்பா.

ரொனால்டு இறந்தது ஒரு வியாழக்கிழமை. ஆத்தூரில் ஒரு விவசாயியின் கிணற்றில் தண்ணீர் மட்டம் காட்டும் கருவியை மாட்டிவிட்டுத் திரும்பும்போது மழையில் பைக் வழுக்கியது. தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முன்பே போய்விட்டான். ஃபயாஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தது மாதிரி அழுதான்.

மறுநாள் மாதா கோவிலுக்குத் தூக்கிப்போகும் வழியில் சவப்பெட்டியைக் கூடத்தில் ஐந்து நிமிஷம் இறக்கி வைக்கச் சொன்னது ரொனால்டின் அம்மா வியாகுலம்மாள். "எம்பிள்ளைக்குப் பாதி உசுரு அங்கதான்யா கெடந்துச்சு. ஒரு எட்டு காட்டிட்டுப் போயிருவோம்" என்று கேட்டாள். பெற்றவள் கேட்கும்போது யார் மறுப்பது?

பெட்டி நிலையைத் தாண்டியது.

"வாங்க! வாங்க!"

தூக்கி வந்தவர்கள் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். "அய்யோ, அத ஆஃப் பண்ணுங்கண்ணே" என்று செல்வி அழுகைக்கு நடுவில் சொன்னாள். ஃபயாஸ் ஆஃப் பண்ணத்தான் போனான். அதற்குள் வியாகுலம்மாள் அவன் தோளைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். அவளைத் தாங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, நாற்காலியில் உட்கார வைத்த களேபரத்தில் ஸ்விட்ச் மறந்துபோனது.

சாவு வீட்டில் யாரும் யாரையும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. கிளம்புகிறவன் "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். வேதக்காரர் வீடானாலும் பாய் வீடானாலும் இந்த ஊரில் இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் பிடித்தவர்கள் நிலையைத் தாண்டி வெளியே கால் வைத்தார்கள்.

"போயிட்டு வாங்க!"

அழுகை பட்டென்று நின்றது. வெளியே பாண்டு வாத்தியம் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தது. வியாகுலம்மாள் தலையை நிமிர்த்தி டப்பாவைப் பார்த்தாள்.

"யாருப்பா எம்மவன வரச் சொன்னது?" என்று கேட்டாள்.

தூக்கியவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை கூடுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. "அவரு இருந்தா விடுவாரா?" என்று செல்வி சொன்னாள். ஆகவே கூடினார்கள். அவள், முகேஷ்குமார், ஃபயாஸ், மூன்றே பேர். பொழுது அடைந்து மஃரிப் பாங்கு சொல்லி முடித்துச் செத்த நேரம் ஆகியிருந்தது. வெளியே தூறல். மழைக்காலத்தில் அந்தச் சுவர்களிலிருந்து பழைய தோல் வாடை எழும்பும். சுண்ணாம்பும் உப்பும் கலந்த, மூக்கின் உள்ளே ஒட்டிக்கொள்கிற வாடை. டீ ஆறிக்கொண்டிருந்தது. வடையை யாரும் தொடவில்லை.

"வாங்க! வாங்க!"

மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள்.

யாருமில்லை.

"பல்லியா இருக்கும்ணே" என்றான் முகேஷ்குமார்.

பல்லியைத் தேடினார்கள். பல்லி கிடைக்கவில்லை. ஃபயாஸ் ஸ்டூலைப் போட்டு ஏறி, சென்சார் கண்களைத் துணியால் துடைத்தான். ஒயரை ஆட்டிப் பார்த்தான். கரண்ட் ஏறி இறங்கினால் இப்படி உளறும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கெட்டிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. பயப்பட வேண்டிய நேரத்தில் ஸ்குரூ டிரைவரைத் தேடுவார்கள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. சால்டரிங் பேஸ்ட் உருகும் புகை வாடை. ரொனால்டு உட்காரும் மேசைப் பக்கமிருந்து வந்தது. கூடவே லேசாக மல்லிகை, பெட்டியின் மேல் போட்ட மாலையில் அடித்த அதே வாடை. செல்வி மேசைகளைப் பார்த்தாள். மூன்று அயர்னும் பிளக்கில் இல்லை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எட்டு மணிக்கு மற்ற இரண்டு பேரும் போன பிறகு ஃபயாஸ் விளக்கை அணைத்து வெளியே வந்தான். "போயிட்டு வாங்க!" என்றது டப்பா. அவன் கதவை இழுக்கத் திரும்பினான். உள்ளே கும்மிருட்டு.

"போயிட்டு வாங்க!"

இரண்டாம் தடவை.

அவன் பூட்டைப் போட்ட வேகத்தில் விரல் நசுங்கியது.

வீட்டுக்கு வந்தபோது கமர் ஓடி வந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், கரகரவென்று காற்றுத்தான் வந்தது. "சாயங்காலத்துலருந்து தொண்ட கட்டிருச்சுங்க. ஐஸ் தின்னிருப்பா" என்றாள் அவன் மனைவி இஃப்பத். கமர் தன் அத்தா ஃபயாஸுக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி உள்ளே போனாள். இன்னொரு டம்ளர் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து, அவனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின் முன்னால் வைத்தாள்.

"இது யாருக்கும்மா?"

"மாமாவுக்கு" என்றாள் அந்த அடைத்த குரலில்.

"எந்த மாமா?"

அத்தாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பிள்ளை சிரித்தது. "ரொனால்டு மாமா."

ஃபயாஸ் அந்தத் தண்ணீரை எடுத்துப் போய் வாஷ்பேசினில் கொட்டினான். இஃப்பத்திடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கமரின் குரல் நாளுக்கு நாள் இறங்கியது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒண்ணுமில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். இஃப்பத் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிய தண்ணீரை மூன்று வேளையும் குடிக்கக் கொடுத்தாள். எதிலும் குணம் தெரியவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை வியாகுலம்மாள் கூடத்துக்கு வந்தாள். ஜெபமாலையோடு வாசல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முகேஷ்குமார் ஊர் முழுக்க உளறியிருந்தான். ஆறரை மணிக்கு, காலி வாசலைப் பார்த்து டப்பா பேசியது.

"வாங்க! வாங்க!"

"வந்துட்டான்" என்றாள் வியாகுலம்மாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. "வாரத்துக்கு ஒருக்காவாச்சும் வாரானே. ஃபயாஸ் தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்யா, இந்தக் கரண்ட மட்டும் புடுங்கிராத."

செல்வி ஃபயாஸை ஓரமாக இழுத்துப் போனாள். "அண்ணே, ஸ்பீக்கர் மாத்துனீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"முன்னாடி கரகரன்னு இருக்கும்ல? இப்ப நல்லாக் கேளுங்க."

எட்டு மணிக்கு அவள் வெளியே போனபோது அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். குரல் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. "போயிட்டு வாங்க" என்பதற்கு முன்னால் ஒரு சத்தம் இருந்தது. பிள்ளை மூச்சு இழுக்கும் சத்தம்.

அந்த மூச்சு அவன் பதிவில் இருந்ததில்லை.

அன்று ராத்திரி கமருக்குக் குரல் சுத்தமாக நின்றுபோனது. வாயைத் திறந்தாள், மூடினாள். தொண்டையைத் தடவிக் காட்டி அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை. பிள்ளை சத்தமில்லாமல் அழுவதைப் பார்ப்பதைவிடக் கொடுமை உண்டா? அப்போதுதான் ஃபயாஸ் இஃப்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூடத்துக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். மெமரி கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வியாகுலம்மாளை நினைத்தால் மனசு கேட்கவில்லை, ஆனால் தன் பிள்ளை என்று வரும்போது எவன்தான் அடுத்தவர் பிள்ளையை நினைப்பான்?

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். மாடிப்படியின் தலைப்பிலிருந்து குரல் கேட்டது.

"வாங்க! வாங்க!"

"அல்லாவே! பிள்ளை பேசிருச்சுங்க!" என்று இஃப்பத் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் பாதியில் நின்றாள்.

கமர் படியைப் பார்த்தபடி விறைத்து நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. உள்ளிருந்து வந்த குரல் கரகரவென்று, மட்டமான ஸ்பீக்கரில் வருவதுபோல் வந்தது. இரண்டு "வாங்க"வுக்கும் நடுவில் அதே இடைவெளி.

"வாங்க! வாங்க!"

படியில் யாருமில்லை.

சால்டரிங் புகை வாடை ஏறி வந்தது.

ஃபயாஸ் செருப்புக்கூடப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் பறந்தான். கார்டைச் செருகிப் பிளக்கை மாட்டினான். வீட்டுக்குப் போன் அடித்தான். "நின்னுருச்சு" என்றாள் இஃப்பத். அதன் பிறகு அவள் சொன்னது அவன் நெஞ்சில் அப்படியே தைத்துவிட்டது. "ஒங்க வெளையாட்டுக்கு எம்பிள்ளை வாயை எடுத்துக் குடுத்தீங்க. நீங்களே போய் அதத் திருப்பி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

அவன் செல்வியைத் தேடிப் போனான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கூப்பிட்ட வாய்தாண்ணே போகச் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் அவரு எதுக்குக் கேக்கணும்?"

"அவளுக்குத்தான் வாயே இல்லையே செல்வி."

"மிஷின்ல இருக்குல்ல?"

லேப்டாப்பைத் திறந்தார்கள். கமரின் குரல் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடியது. இருந்தது இரண்டே பதிவு. அதிலிருந்து "வர வேணாம்" என்று ஒட்டிப் பார்த்தான், வரவில்லை. "வராதீங்க"வும் வரவில்லை. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். செல்விதான் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"போயிட்டு வாங்க. இதுல நடுவுல இருக்குறத மட்டும் வெட்டுங்கண்ணே."

போ. யிட்டு வா. ங்க.

அவன் 'யிட்டு வா'வை வெட்டி எறிந்தான். இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினான். ஓட்டிப் பார்த்தான்.

"போங்க."

இரண்டு பேருக்கும் மேலெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிச் சொன்னதில்லை. செல்வி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, அவரு ஒங்ககூடத்தான் வெளிய வாராரு. அப்ப இது மொதல்ல ஒங்களச் சொல்லுமே?"

"சொல்லிட்டுப் போகுது. உசுரோட இருக்கவனுக்கு அது வெறும் சத்தம்தானே. ரெண்டாவது சொல்றது அவனுக்கு."

"நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிக்க நேரம் எங்கம்மா இருக்கு?"

மூன்றாவது சனிக்கிழமை. செல்வி வியாகுலம்மாளைச் சாயங்காலப் பூசைக்குக் கூட்டிப்போய்விட்டாள். "இன்னைக்குக் கூடம் லீவும்மா" என்று பொய் சொன்னாள். முகேஷ்குமார் போன வாரமே முட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், திரும்ப வரவில்லை. ஃபயாஸ் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான். 'போயிட்டு வாங்க' இருந்த இடத்தில் 'போங்க'வைக் கார்டில் ஏற்றியிருந்தான். விளக்கு அத்தனையும் எரிந்தது. ஒரு மேசைக்கும் நிழல் விழவில்லை. அப்படியும் அந்த இடம் இருட்டாக இருப்பதுபோல் தோன்றியது. பாங்கு முடிந்தது. தூரத்தில் கோவில் மணி அடித்து ஓய்ந்தது. சுவரிலிருந்து தோல் வாடை கசிந்தது.

ஒரு மூச்சு இழுக்கும் சத்தம்.

"வாங்க! வாங்க!"

அவன் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்தான். எதிர் மேசையின் நாற்காலி கிறீச்சிட்டது. மல்லிகை வாடையும் புகை வாடையும் நெருங்கின. பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

"மாப்ள" என்றான் ஃபயாஸ், கிசுகிசுவென்று. "என் தப்புத்தான்டா. ஸ்விட்ச அணைக்க மறந்துட்டேன். பிள்ளைய விட்டுர்றா. ஒனக்கு அவ மேல எம்புட்டுப் பிரியம்னு எனக்குத் தெரியும். அந்தப் பிரியத்துல விட்டுரு."

வாடை அங்கேயே நின்றது.

அவன் எழுந்தான். வாசலைப் பார்த்து நடந்தான். முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஓடக் கூடாது, ஓடினால் பின்னால் வராமல் போய்விடுவான் என்று நினைத்து நிதானமாக அடி எடுத்து வைத்தான். வலது தோளில் குளிர்ச்சி ஏறியது. மழையில் நனைந்த சட்டை உரசினால் வரும் குளிர்ச்சி.

திரும்பிப் பார்க்கவில்லை.

நிலை.

"போங்க."

வெளியே வந்து நின்றான். இரண்டாவதுக்காகக் காத்திருந்தான்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். டப்பா பேசவில்லை.

தோளோடு தோளாக இரண்டு பேர் ஒன்றாகத் தாண்டினால் அது ஒரு தடவைதான் பேசும், சொன்னது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அதைச் செய்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் போன் அடித்துவிட்டது. எடுத்தால், "அத்தா!" என்று கமரின் குரல். கணீரென்று, தெளிவாக. "அத்தா, நான் பேசிட்டேன்!"

ஃபயாஸ் தெருவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதான். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதான். பிறகு உள்ளே கையை மட்டும் நீட்டிப் பிளக்கைப் பிடுங்கினான். டப்பாவை ஆணியோடு பெயர்த்து, கார்டைப் பல்லால் கடித்து உடைத்துச் சாக்கடையில் போட்டான். கூடத்தைப் பூட்டிச் சாவியைச் செல்வியிடம் கொடுத்துவிட வேண்டும், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தான்.

ராத்திரி வியாகுலம்மாள் போன் செய்தாள். "இன்னைக்கு வந்தானாப்பா?"

"வரலம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள். அது அவனைச் சுட்டது. இருந்தாலும் உள்ளே கமர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாளே, அது போதும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடு திருவிழா மாதிரி ஆனது. இஃப்பத் நெய்ச்சோறு ஆக்கினாள். கமர் இரண்டு வாரத்துப் பேச்சையும் ஒரே நாளில் பேசித் தீர்த்தாள். பள்ளிக்கூடக் கதை, பூனைக் கதை, டீச்சரின் மூக்குக்கண்ணாடிக் கதை. சாயங்காலம் இஃப்பத்தின் அண்ணன் பிள்ளையைப் பார்க்க வந்தார். கமர் அவரைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததோடு சரி. ஊரில் போகிறவனையெல்லாம் கூப்பிடும் பிள்ளை, சொந்த மாமனைக் கூப்பிடவில்லை. உடம்பு தேறி வருகிற பிள்ளை, களைப்பாக இருக்கும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை. ஒன்பதரை மணி, நல்ல வெயில். ஃபயாஸ் கடைக்குக் கிளம்பினான். தினமும் அவன் கிளம்பும்போது கமர் மாடிப்படியின் தலைப்புக்கு வந்து நின்று, "போயிட்டு வாத்தா" என்று சொல்லி அனுப்புவாள். அவள் வாயால் அதைக் கேட்டால்தான் அவனுக்குக் கடை திறந்த மாதிரி இருக்கும். ஒரு வாரமாய் ஊமையாய்க் கையை மட்டும் ஆட்டினாள். இன்று கேட்கப் போகிறோம் என்று அவன் முதல் படியில் கால் வைத்துத் திரும்பி நின்றான்.

கமர் கையை ஆட்டினாள்.

"போங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "என்னடா, அத்தாவுக்குப் போயி மரியாதையெல்லாம் பலமா இருக்கு? எப்பவும் போலச் சொல்லு. போயிட்டு வாத்தா. சொல்லு பார்ப்போம்."

பிள்ளை சொல்லிப் பார்த்தது. "போ" என்று ஆரம்பித்தது. உதடு அசைந்தது, அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் வெட்டி எடுத்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அதைத் தாண்டி வந்து, "ங்க" என்று முடித்தது.

"வா" என்று சொல்லச் சொன்னான்.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"இஃப்பத்" என்று கூப்பிட நினைத்தான். கமர் அவனைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். அவள் கண் அவன் வலது தோளுக்குப் பக்கத்தில், அவன் உயரத்தில் இருந்தது. பிறகு அந்தப் பார்வை மெதுவாகப் படி இறங்கியது.

கீழ்ப்படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. தெருவாசலுக்குப் போனதும் நின்றது.

ஃபயாஸ் கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றிக்கொண்டான். முதல் படியில் இருந்த காலை மேலே இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அது வரவில்லை. கமர் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். இரண்டு வாரமாய்க் கேட்க ஏங்கிய அந்தக் கணீரென்ற குரலில், அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் சொல்வதுபோல் சொன்னாள்.

"மாமா கீழ நிக்கிறாங்கள்ல? நீயும் போ, அத்தா."